மழையிலும் நிற்காத மிதிவண்டி
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

மனிதன் கண்டுபிடித்த வாகனங்களுள் ஏழைக்கு உற்ற தோழன் மிதிவண்டியே என்றால் அது மிகையாகாது. அதற்குப் பெட்ரோல் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், புகையும் இல்லை. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைய, சங்கிலியால் பின் சக்கரம் சுழலும் ‘ரோவர்’ மிதிவண்டியைச் செய்தார். 1887-இல் ஜான் பாய்டு டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இன்று நம் பள்ளிக் கொட்டகையில் வரிசையாக நிற்கும் மிதிவண்டிகள் எல்லாம் அந்த இரண்டின் வழித்தோன்றல்களே.

ஆனால் நான் எழுத வந்தது மிதிவண்டியின் வரலாறு அன்று. காவிரிக் கரையில் வாழும் மாணவியராகிய நமக்கு எந்த மிதிவண்டி ஏற்றது, அதை எப்படித் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். இது சிறிய செய்தி என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது சிறிய செய்தி அன்று. காரணத்தைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான் பள்ளிக்கு வராத நாள்கள் பதினொன்று. அவற்றுள் காய்ச்சலில் கிடந்தவை இரண்டே நாள்கள். மீதி ஒன்பது நாள்களும் வர வழியில்லாமல் வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர் சுவாமிமலைக்கு மேற்கே ஆற்றோரம் இருக்கிறது. பள்ளிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் ஒரு தடையே இல்லை. மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் எல்லோருக்குமே கட்டணம் இல்லை. தடையாக இருப்பது நேரம்தான். காலையில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடும். மாலையில் சிறப்பு வகுப்பு முடியும் முன்பே எங்கள் ஊர்ப் பேருந்து போய்விடும். அந்த ஒன்பது நாள்களில் நடந்த இயற்கணிதப் பாடத்தை இன்னும் நான் தோழியின் நோட்டைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கதையாவது ஒன்பது நாளோடு முடிந்தது. எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். பத்தாம் வகுப்பில் நானூறு மதிப்பெண்ணுக்கு மேல் பெற்றவர். பதினோராம் வகுப்பில் சேர்ந்தார். அரசு மிதிவண்டியும் கிடைத்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் டயர் பஞ்சர் ஆயிற்று. வீட்டில் ஒட்டத் தெரிந்தவர் இல்லை. கடைக்கு உருட்டிச் செல்ல யாருக்கும் நேரமும் இல்லை. இன்று நாளை என்று தள்ளிப் போயிற்று. பேருந்துக்கு ஓடினார், பல நாள் தவறவிட்டார். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நின்றுவிட்டார். மிதிவண்டி இன்றும் அவர் வீட்டுத் திண்ணையில் காற்று இறங்கிய சக்கரத்தோடு சாய்ந்திருக்கிறது. ஒரு பஞ்சர் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்திவிடுமா என்று கேட்காதீர்கள். நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

இது எங்கள் தெருவோடு முடிகிற செய்தியும் அன்று. பீகார் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்க அரசு பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதன் பயனை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு கூடியது என்பது அவர்கள் கண்ட முடிவு. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் இந்தப் பயன் மிகுதி. நம் தமிழகத்திலோ அதற்கு முன்பே, 2001-02-இல், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி தரும் திட்டம் தொடங்கிவிட்டது. பின்னர் அது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது.

என் அம்மா 2005-06-இல் பதினோராம் வகுப்பு படித்தபோது அப்படி ஒரு மிதிவண்டியைப் பெற்றவர். அம்மாவின் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே அம்மாவுக்கு முன்பே என் அம்மாச்சி மிதிவண்டி ஓட்டியவர்! 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பிக்கச் செய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான வண்டி போதாமல் போகவே, ஆண்கள் வண்டியையே பலர் வாங்கினார்கள். அதன் நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட வசதி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அம்மாச்சியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படி ஒரு வண்டியில்தான் கற்றாராம். “விழுந்து முட்டி பேந்துச்சு. ஆனா அன்னைக்கு வந்த தைரியம் இன்னும் போகலை” என்பார்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? கியர் வைத்த வண்டிதான் வேண்டும் என்று அடம் பிடித்தேன்! வகுப்புத் தோழி ஒருத்தி இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று வைத்திருந்தாள். அதன் அழகில் மயங்கிவிட்டேன். அப்பா சிலை வார்க்கும் பட்டறையில் அரம் பிடித்துத் தேய்க்கும் வேலை செய்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் பொறு பாப்பா, தையிலே கூலி சேர்ந்ததும் வாங்கித் தர்றேன்” என்றார். கடைத்தெருவில் விசாரித்தோம். சாதாரண வண்டி ஆறாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. கியர் வண்டி பன்னிரண்டாயிரத்தை ஒட்டி இருந்தது. அப்போது அம்மா மெதுவாக, “ஏங்க, கொட்டிலில் என் சைக்கிள் கிடக்கே” என்றார். அப்பா சிரித்தார். “அதைப் பழைய இரும்புக்காரன்கூட வாங்க மாட்டானே” என்றார். நானும் சிரித்தேன். சிரித்ததற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

முதலில் கியரைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கியர் என்பது மேடு ஏறுவதற்காக ஏற்பட்டது. நம் ஊரில் மேடு எங்கே இருக்கிறது? சுவாமிமலை என்று பெயரில் மலை இருக்கிறதே ஒழிய, இங்கே இருப்பது கட்டுமலை. அதற்கு 60 படிகள். அதன்மேல் யாரும் மிதிவண்டி ஓட்டப் போவதில்லை! மற்றபடி பாலங்களின் ஏற்றம்தான் மேடு. கியர் வண்டியில் சங்கிலியை முழுவதும் மூட முடியாது. மழையில் சேறு, அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் துணுக்கு, கோடையில் மணல் எல்லாம் அந்தச் சங்கிலியில் ஏறும். என் தோழியின் இளஞ்சிவப்பு வண்டிக்கும் கார்த்திகையில் கியர் மாறாமல் சிக்கிக்கொண்டது. அதைச் சரி செய்யத் தெரிந்தவர் கும்பகோணத்தில்தான் இருந்தார். அதில் பத்து நாள் ஓடிவிட்டது. ஊட்டியில் படிக்கும் பெண்ணுக்குக் கியர் வண்டி தேவையாக இருக்கலாம். சமவெளியில் இருக்கும் நமக்குத் தேவை மூடிய சங்கிலி, நல்ல மட்கார்டு, நனைந்தாலும் பிடிக்கும் பிரேக், இவைதாம்.

ஆகவே மிதிவண்டி வாங்கப் போகும் பெற்றோர் நிறத்தைப் பார்க்கும் முன் சிலவற்றைப் பார்க்க வேண்டுகிறேன். உங்கள் மகள் சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு கால்களின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும். “வளர்கிற பெண்தானே” என்று பெரிய வண்டியாக வாங்கினால், அவள் சாலையில் தடுமாறுவாள். சங்கிலிக்கு முழு மூடி வேண்டும். மட்கார்டு நீளமாக இருக்க வேண்டும். ஆனால் அதற்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஆற்றங்கரைக் களிமண் அங்கே அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. துப்பட்டா சிக்காதபடி பின் சக்கரத்தின் இருபுறமும் வலை வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அதன் உதிரிப் பாகம் நம் ஊர்ச் சைக்கிள் கடையிலேயே கிடைக்க வேண்டும்.

இவை எல்லாம் அம்மாவின் பழைய வண்டியில் இருந்தன. அதைத் துடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வர்ணம் போயிருந்தது. டயர் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. சங்கிலி துருவேறி இறுகியிருந்தது. ஆனால் பிரேம் வளையவில்லை, ஓட்டை விழவில்லை. சைக்கிள் கடைத் தாத்தா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “எலும்பு நல்லா இருக்கு. ஓவராயில் பண்ணி மத்ததை மாத்திட்டா ஓடும்” என்றார். கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். டயர் இரண்டு 640 ரூபாய், டியூப் இரண்டு 260, சங்கிலி 190, பிரீவீல் 150, பிரேக் கட்டைகள் 80, பெடல் ஒரு ஜோடி 160, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் முன் மட்கார்டுக்கு ரப்பர் மடிப்பும் 70, பேட்டரி விளக்கு 250, கிரீசும் கூலியும் 450. ஆக மொத்தம் 2,250 ரூபாய். புதிய சாதாரண வண்டியின் விலையில் பாதிகூட இல்லை. கியர் வண்டியின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தத் திருத்தங்களில் சிலவற்றின் காரணத்தைச் சொன்னால் தோழியருக்குப் பயன்படும். முதலாவது பிரீவீல். பழையதில் 18 பற்கள் இருந்தன. தாத்தா 20 பற்கள் உள்ளதை மாட்டினார். பெடல் பக்கத்துப் பெரிய சக்கரத்தில் 44 பற்கள். டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். சுற்றளவை நாம் படித்த சூத்திரப்படி கண்டால் 223 சென்டிமீட்டர் வரும். முன்பு ஒரு மிதிக்கு வண்டி சுமார் 5.45 மீட்டர் ஓடும். இப்போது சுமார் 4.9 மீட்டர். வீட்டிலிருந்து பள்ளிக்கு நூற்றுப் பத்து மிதிக்கு மேல் கூடுதலாக மிதிக்க வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு மிதியும் லேசாக இருக்கிறது. எதிர்க்காற்றிலும், புத்தகச் சுமையோடு பாலம் ஏறும்போதும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கியர் செய்யும் வேலையில் நமக்கு வேண்டியதை 150 ரூபாய் செய்துவிட்டது.

இரண்டாவது பிரேக். நம் வண்டிகளின் ரிம் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. அது நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். உடனே நிற்காது. புதுக் கட்டை போட்டாலும், மழையில் வழக்கத்தைவிட மிக முன்னதாகவே பிரேக்கை இலேசாகப் பிடித்து, ரிம்மிலுள்ள நீரைத் துடைத்த பிறகுதான் அழுத்திப் பிடிக்க வேண்டும். அலுமினிய ரிம் இதில் மேலானது. வசதி உள்ளவர்கள் அதற்குச் செலவு செய்தால் அது வீண் செலவு ஆகாது.

மூன்றாவது விளக்கு. டைனமோ நல்லதுதான். ஆனால் ஈர டயரில் அதன் உருளை வழுக்கி வெளிச்சம் மங்கிவிடும். மழை மாலையில்தானே நமக்கு வெளிச்சம் வேண்டும்? அதனால்தான் பேட்டரி விளக்கு. பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இல்லாமல் யாரும் மாலையில் போகவே கூடாது. கரும்பு டிராக்டரும் நெல் லாரியும் ஓடும் சாலை நம் சாலை.

நான்காவது எண்ணெய். பலர் சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். மார்கழிக் காலையில் அது உறைந்து புழுதியைப் பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெய் சில சொட்டுகள் போதும். மழையில் ஓட்டிய அன்று துணியால் துடைத்துவிட்டு விட வேண்டும். சக்கரத்தின் நடு அச்சு மூழ்கும் அளவு தண்ணீர் நிற்கும் இடத்தில் ஓட்டாமல் இறங்கிவிட வேண்டும். உள்ளே நீர் புகுந்தால் கிரீசு கெடும். மேலும் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பதும் தெரியாது. குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுவது கூடவே கூடாது. மழைக்கோட்டு வேண்டும். புத்தகங்களுக்கு நான் யூரியாச் சாக்கை நன்றாகக் கழுவிப் பைபோல் தைத்து வைத்திருக்கிறேன். அழகில்லைதான். ஆனால் இந்த ஆண்டு ஒரு நோட்டும் நனையவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பாடம் மீதி இருந்தது. கார்த்திகை முதல் வாரம், மதகு ஓரம் கருவேல முள் ஏறிப் பின் டயர் காற்று இறங்கிவிட்டது. தூறலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டாம் பாடவேளையில்தான் வகுப்புக்குள் நுழைந்தேன். எங்கள் தெரு அக்காவின் நினைவுதான் வந்தது. அந்தச் சனிக்கிழமையே சைக்கிள் கடைத் தாத்தாவிடம் போய், டயரைக் கழற்றி, டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, உரசி, சொல்யூஷன் தடவி, அது காய்ந்தபின் ஒட்டுப் போடக் கற்றுக்கொண்டேன். உள்ளே முள் இன்னும் இருக்கிறதா என்று டயரைத் தடவிப் பார்க்க மறக்கக் கூடாது என்பதையும் கற்றேன். அடுத்த பஞ்சரை வீட்டு வாசலில் நானே இருபத்தைந்து நிமிடத்தில் ஒட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு பழைய அரத்துண்டைக் கொண்டுவந்து, “உரசறதுக்கு வெச்சுக்க” என்று கொடுத்தார். இந்த ஆண்டு ஐப்பசி கார்த்திகையில் நான் வராத நாள்கள் இரண்டு. இரண்டும் காய்ச்சலால்.

ஆகவே என் கருத்து இதுதான்: நல்ல மிதிவண்டி என்பது அதிக விலை கொடுத்து வாங்கியது அன்று. அதை ஓட்டும் பெண்ணே பழுது பார்க்கக்கூடியதாக இருப்பதே நல்ல மிதிவண்டி. அரசு தரும் வண்டியானாலும், அப்பா வாங்கித் தரும் வண்டியானாலும், பஞ்சர் ஒட்டத் தெரியாதவளுக்கு அது பாதி வண்டிதான்.

சில பெற்றோர் மறுத்துரைக்கலாம். “பெண்பிள்ளை தனியே சைக்கிளில் போவதா?” என்பார்கள். தனியே போக வேண்டாம். எங்கள் வழியில் நாங்கள் நால்வர் சேர்ந்து வருகிறோம். பேருந்துக்காக இருட்டில் தனியே நிற்பதைவிட இது பாதுகாப்பானது என்பது என் எண்ணம். “இன்னும் கொஞ்ச நாளில் ஸ்கூட்டி வாங்கித் தந்துவிடுவோம்” என்பாரும் உண்டு. நாம் சாலையில் காணும் ஸ்கூட்டிகளை ஓட்ட 18 வயது நிறைந்து உரிமம் பெற வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை ஓட்டினால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. அந்தப் பதினெட்டு வயது வரும்போது நாம் பள்ளியை முடித்திருப்போம். நம் படிப்பு அதுவரை காத்திருக்குமா?

அன்புள்ள அருட்சகோதரியருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். நம் மிதிவண்டிக் கொட்டகையில் ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு ஸ்பேனர் செட்டு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவை வைத்த சிறு பெட்டி இருந்தால் பல தோழியருக்கு உதவும். பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து விற்று அதற்கான பணத்தைத் திரட்ட எங்கள் வகுப்பு மாணவியர் அணியமாக இருக்கிறோம். தையலும் பின்னலும் கற்றுத்தரும் கைவேலை வகுப்பில் எட்டாம் வகுப்புத் தங்கையருக்குப் பஞ்சர் ஒட்டவும் கற்றுத்தரலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அன்றாடம் உதவும் கல்வி.

அடுத்த ஆண்டு எனக்கும் அரசு மிதிவண்டி கிடைக்கும். அப்போது அம்மாவின் வண்டி ஏழாம் வகுப்புப் படிக்கும் என் தங்கைக்குப் போகும். புதிய வண்டியை நான் மறுநாளே கடைத் தாத்தாவிடம் கொண்டுபோய், எல்லா நட்டுகளையும் முடுக்கி, மழைக்குத் தக்கபடி திருத்தி வைக்கப் போகிறேன். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமல்லவா?

எங்கள் தெரு அக்கா சென்ற வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் டியூபை ஒட்டுவதை உட்கார்ந்து பார்த்தார். பிறகு, “என்னுதையும் ஒரு நாள் பாக்கறியா? ஜூனில் திரும்பச் சேர்த்துக்குவாங்களான்னு கேக்கணும்” என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவர் வீட்டுத் திண்ணையில் அந்தச் சக்கரத்தைக் கழற்றப் போகிறோம். அரத்துண்டை எடுத்து வைத்துவிட்டேன்.